மூன்றாவது மாதிரி வகுப்பு

பதினொன்றரைக்கு வகுப்பு. இப்போது பதினொன்று பத்து. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, மகள் ஸஹ்லாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ஒரு படிவம். மாணவர் பெயர், வயது, இதற்கு முன் ஓதியிருக்கிறாரா, எதுவரை. அதற்குக் கீழே, யாருக்காக வகுப்பு என்று இரண்டு கட்டங்கள். குழந்தைக்கு, பெரியவருக்கு. குழந்தைக்கு என்பதில் டிக் அடித்து ஐந்து நிமிஷம் ஆகிறது, கண் மட்டும் மற்றக் கட்டத்துக்கே போய்ப் போய் வருகிறது. போகட்டும். பார்ப்பதில் என்ன இருக்கிறது. அடுப்படியில் என் மனைவி ஜுனைதா கறிக்கு வெங்காயம் வதக்குகிறாள். இன்றைக்கு என்னைப் பெற்ற அத்தாவின் ஆண்டு பாத்திஹா, அவர் இறந்த நாளுக்கு ஓதுவது. புனேயில் இந்தக் குடியிருப்பில் பாத்திஹா ஓத யாரைத் தேடுவது, நான்தான் ஓதுவேன், எட்டு வருஷமாக நான்தான் ஓதுகிறேன். ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நமக்கென்ன தெரியும் மச்சான், நீங்க ஓதி முடிச்சவங்க, பக்கத்துல உக்காந்து கேட்டு எது நல்லாருக்குன்னு நீங்கதான் சொல்லணும் என்று காலையில் டீயை வைக்கும்போதே சொல்லிவிட்டாள். நியாயம்தான். நான் தரம் பார்க்கிறவன். கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. அளவுக்குள் இருந்தால் பச்சைப் பெட்டி, இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி, என் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி வெளியே போகாது. ஆகையால் பிள்ளைக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுக்கிறவரையும் நானே தரம் பார்க்க வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல், எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது. அரபியில் அலிஃப் தெரியும், பே தெரியும், தனியாக நின்றால் இன்னும் ஒரு பன்னிரண்டு எழுத்துக்குப் பெயர் சொல்வேன். ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வரியாக வந்துவிட்டால் ஒன்றுமே தெரியாது. இது அல்லாஹ்வுக்குத் தெரியும், நஜ்மா அக்காவுக்குத் தெரியும். ஐம்பத்தொரு வயதில், தமீமுல் அன்சாரி என்கிற என்னைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விஷயம் இது ஒன்றுதான்.

அக்காவுக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூடுதல். ஊரில் ஓதுற பள்ளிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம், வீட்டுக்கு ஒரு குர்ஆன்தான் என்பதால் ஒரே பலகையில் வைத்து ஓதினோம். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு பாடத்தைச் சத்தம் போட்டு ஓதுகிற இடத்தில் என் சத்தம் எங்கே தனியாகக் கேட்கப் போகிறது. காய்ச்சலில் பதினைந்து நாள் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனபோது எல்லோரும் எழுத்துக்கூட்டலைத் தாண்டிப் போயிருந்தார்கள். அன்றைக்குக் கையைத் தூக்கி எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நான் தூக்கவில்லை. அக்கா ஓதினாள், நான் அரை நொடி பின்னால் அதையே ஓதினேன். கேட்டதைக் கேட்ட ராகத்திலேயே திருப்பிச் சொல்ல எனக்கு வரும், அந்த ஒன்றுதான் எனக்கு வரும். விரல் வரிமேல் நகர்ந்தது, வாய் அக்காவின் வாய்க்குப் பின்னால் நகர்ந்தது. ஓதிக்கொடுக்கிற அஜரத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற நாளில், முந்தின நாளே அக்காவை நாலு தடவை ஓதவைத்துக் கேட்டுக்கொண்டு போவேன். ஒரு நாள் அவள் பாதி வரியில் வேண்டுமென்றே நிறுத்தினாள். நானும் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, நான் இருமுனா நீயும் இருமுவியாடா என்று கேட்டாள். சிரித்துவிட்டு மறுபடியும் விட்ட இடத்திலிருந்து ஓத ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எங்கள் அத்தா இரண்டு அடி அடித்திருப்பார், நானும் இன்றைக்கு ஒழுங்காக ஓதிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒரே நாளில் குர்ஆன் முடித்தோம். தெருவுக்கெல்லாம் பூந்தி கொடுத்தார்கள், எனக்குப் புதுத் தொப்பி, கழுத்தில் மாலை, அத்தா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுததுதான் என் வாயை அடைத்துவிட்டது. அக்கா இப்போது மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவை பேசுவாள், முட்டிவலி, ஜுனைதா, ஸஹ்லாவின் பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிப்பாள், நோன்பு மாசத்தில் குர்ஆனின் முப்பது பாகத்தில் எத்தனை ஜுஸ்வு ஓதினாய் என்று மட்டும் கேட்கமாட்டாள்.

பதினொன்று பதினெட்டு. பால்கனியில் புறாக்கள் குறுகுறுக்கின்றன, வலை போட வேண்டும் என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை வேர்க்கிறது. வெறும் மாதிரி வகுப்பு, அரைமணி நேரம், ஓதிக்கொடுக்க வருகிற ஆலிமா கேட்கப்போவது ஸஹ்லாவைத்தான், என்னை இல்லை. எனக்கு எதற்கு வேர்க்கிறது. ஆனால் ஜுனைதா கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்துவிட்டதால் அவளுக்குச் சின்ன வயதிலேயே ஓதல் நின்றுபோயிற்று. அதை அவள் மறைக்கவே இல்லை. எனக்குத் தெரியாது மச்சான், நீங்க சொல்லிக்குடுங்க, இனிமேலாவது ஓதுறேன் என்று தலையில் முக்காடு போட்டு, கைகால் கழுவி ஒளு செய்து ஈரம் காயாத கையோடு உட்கார்ந்தாள். நான் நாலு நாள் அலிஃபும் பேயும் சொன்னேன். ஐந்தாம் நாள் எழுத்துகள் சேர ஆரம்பித்தன. உனக்குக் கவனமே இல்லை, உனக்கெல்லாம் வராது என்று எரிந்து விழுந்தேன். அவள் அழவில்லை. பலகையைத் துடைத்து மேலே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து தனக்கு வராது என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். யாராவது கேட்டால் எனக்கு மண்டையில ஏறலங்க, அவங்க எவ்வளவோ சொல்லிக்குடுத்தாங்க என்று என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுவாள். அதைவிட அத்தா மவுத்தான அன்றைக்கு நான் செய்தது பெரிது. இல்லை, இதுதான் பெரிது. இல்லை, அதுதான். ஒரே மகன் என்று தலைமாட்டில் உட்காரவைத்து, இறந்தவருக்காக ஓதுகிற யாசீன் கிதாபைக் கையில் கொடுத்தார்கள். முதல் ஒன்றரைப் பக்கம் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. தெரிந்த சின்ன சூராக்களையே, நாலைந்து வரி அத்தியாயங்களையே, முணுமுணுப்பாகத் திருப்பித் திருப்பி ஓதினேன், விரலை வரி தவறாமல் நகர்த்தினேன், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அத்தாவின் முகம் துணிக்குள் இருந்தது. அவருக்குப் போக வேண்டிய நன்மை போயிற்றா, போகும் வழியில் என்னிடமே நின்றுவிட்டதா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

அத்தனைக்கும் பிறகு ஸஹ்லாவுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். பள்ளிவாசலில் நாலு மணிக்கு வகுப்பு, இவள் பள்ளிக்கூட பஸ் வருவது நாலரைக்கு. நீங்க இருக்கும்போது வேற யாருக்கிட்ட விடணும் என்றாள் ஜுனைதா. மறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஸஹ்லாவுக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் உட்காரவைத்து, கடைசி ஜுஸ்வைத் திறந்து, அவள் விரலைப் பிடித்து வரிமேல் நகர்த்திக்கொண்டே எனக்குத் தெரிந்த சின்ன சூராக்களை ஒவ்வொன்றாக ஓதினேன். அவள் அரை நொடி பின்னால் ஓதினாள். தேன் மாதிரிக் குரல். அதே வரம் அவளுக்கும் இருந்தது. சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன், அன்றைக்குப் பட்டேன். இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு சூரா. போன மாசம் என்னிடம் சரக்குத் தீர்ந்துபோயிற்று. அதற்கு மேல் ஓத எனக்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியுமா. வேலை கூடிவிட்டது, ஆன்லைனில் நல்ல வகுப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடலாம் என்றேன். ஜுனைதா யார் யாரிடமோ விசாரித்து மூன்று இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள், மூன்றிலும் இலவசமாக ஒரு மாதிரி வகுப்பு உண்டு. முதலாவது பெரிய இடம். ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகள், நாற்பது பேருக்கும் மைக்கை மூடிவிட்டு உஸ்தாத் ஓதுகிறார், பிள்ளைகள் அவரவர் வீட்டில் திருப்பி ஓதுகின்றன, முடிந்ததும் திரையில் நட்சத்திரம் பறக்கிறது. வருஷக் கடைசியில் புகைப்படத்தோடு சான்றிதழ். வாய் அசைகிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவதில் ஒருவர் அழகாக ஓதினார், ஆனால் பேசியதெல்லாம் ஆங்கிலம், ஜுனைதாவுக்கு அது பிடிக்கவில்லை. தமிழ்ல சொன்னா பக்கத்துல நின்னு நானும் ரெண்டு கேட்டுக்குவேன்ல என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது இது, முஃபீதா ஆலிமா, திருநெல்வேலிப் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பெரியவர்களுக்கும் தனியாக வகுப்பு உண்டு என்று அவர்கள் அனுப்பிய தாளில் இருந்தது, அந்த வரிக்குப் பக்கத்தில் ஜுனைதா பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பதினொன்றரை. சலாம் சொல்லிக்கொண்டு குரல் மட்டும் வந்தது, முகம் வரவில்லை, திரையில் குர்ஆனின் ஒரு பக்கம் வந்து நின்றது. நிதானமான குரல், சின்ன வயதுதான் இருக்கும். பேர் கேட்டார்கள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள், தெரிந்த சூராவில் உனக்குப் பிடித்ததை ஓது என்றார்கள். ஸஹ்லா ஓதினாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜுனைதா வாசல் ஓரமாக வந்து நின்றுகொண்டாள். இன்னொன்று ஓதச் சொன்னார்கள், இன்னொன்று. மாஷா அல்லாஹ், யாரு சொல்லிக் குடுத்தா என்று கேட்டார்கள். அவங்க அத்தாதான் என்று ஜுனைதா அங்கிருந்தே சொன்னாள், அந்தச் சொல்லில் இருந்த பெருமை என் முதுகில் வந்து விழுந்தது. குக்கர் விசில் அடித்தது, அணைக்கப் போனாள். அல்லாஹ்வே, அந்த விசிலுக்காக உனக்கு நன்றி சொன்னேன், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல தரம் பார்க்கிறவன் மேலே அடுக்கியிருப்பதை எடுக்கமாட்டான், அடியில் கைவிட்டு ஒன்றை எடுப்பான். திரையில் அம்பு நகர்ந்தது. இவள் ஓதிய சூரா இல்லை, வேறு பக்கம், நடுவில் ஒரு வரி, அந்த வரியின் நடுவில் ஒரு சொல், அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். இத ஓதும்மா. ஸஹ்லா விரலைத் திரையில் வைத்தாள். விரல் நின்ற இடத்தில் நின்றது. ஒரு எழுத்த மட்டும் சொல்லு, மொதல்ல இருக்கது என்ன எழுத்து. புறா குறுகுறுத்தது. ஸஹ்லா திரையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தாள். அது அசையும், அசைந்ததும் அரை நொடி பின்னால் தானும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். நானும் அந்த எழுத்தைப் பார்த்தேன். மேலே ஒரு புள்ளி இருந்தது. இல்லை, இரண்டு. என் உதடு அசையவில்லை. பரவால்லம்மா, பயப்படாத என்றது குரல். பிறகு சொன்னது.

"அத்தா பக்கத்துல இருக்காங்கள்ல? அந்த வரிய நீங்க ஒரு தடவ ஓதிக் காட்டுங்க, புள்ள கேட்டு ஓதட்டும்."

தொண்டையைச் செருமினேன். செருமியது அங்கே கேட்டிருக்கும், காத்திருந்தார்கள். அவர்களுக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை, அந்தக் குரலில் மரியாதையைத் தவிர ஒன்றும் இல்லை. நான் கையை நீட்டி வகுப்பிலிருந்து வெளியேறுகிற சிவப்புப் பட்டனை அழுத்தினேன். சிவப்புப் பெட்டி. நெட் போச்சும்மா என்று ஸஹ்லாவிடம் சொன்னேன். அவள் சுவரில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி அத்தா என்றாள். போனில் அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு வைத்துக் கேட்டேன். பிள்ளைக்கு நல்ல குரல், நல்ல ஞாபகம், ஆனால் எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கேட்டே பழகியிருக்கிறது, அலிஃபிலிருந்து ஆரம்பித்தால் ஆறு மாசத்தில் தானாகவே ஓதிவிடும், இப்போது திருத்தாவிட்டால் பிறகு கஷ்டம் என்றார்கள். பிறகு குரல் தாழ்ந்தது. "தப்பா நெனைக்காதீங்க. பெரியவங்கள்லயும் நெறைய பேரு இப்படித்தான் இருக்காங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை ஆம்பளைங்களுக்குத் தனியா எடுக்காங்க. பேரு கூட சொல்ல வேண்டாம். திக்கித் திணறி ஓதுறவங்களுக்கு ரெண்டு கூலின்னு நமக்குச் சொல்லியிருக்கு." தெரிந்துவிட்டது. ஒரு செருமலில் தெரிந்துகொண்டார்கள். பேர் சொல்ல வேண்டாமாம். எண்ணூறு மைல் தள்ளி, முகம் தெரியாத ஒரு பிள்ளை, எனக்கு மூத்த மகள் இருந்தால் அந்த வயது இருக்கும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே போனால் ஆறு மாசம், ஒரு வருஷம், அறுபது வயதுக்குள் அத்தாவுக்கு ஒரு யாசீனாவது உண்மையாக ஓதிவிடலாம். போகலாம். போனால் ஸஹ்லாவும் போவாள், ஜுனைதாவும் போவாள், அந்தக் கோடு போட்ட வரிக்குப் போவாள். ஆறு மாசத்தில் அவளுக்கு எழுத்துத் தெரியும். எழுத்துத் தெரிந்த ஜுனைதா என் பக்கத்தில் உட்கார்ந்து என் விரல் எந்த வரியில் இருக்கிறது, என் வாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். பலகையைத் துடைத்து மேலே வைத்துவிட்டு எழுந்து போவாள். அந்த ஒன்றை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. குரல் பதிவை அழித்தேன். அழிந்ததா என்று இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.

ஜுனைதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்குப் பிடிச்சிருந்துச்சு மச்சான், பொறுமையாப் பேசுனாங்க என்றாள். அதற்கு நான் சொன்னதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை, அத்தனை சுலபமாக வந்தது. அந்தப் புள்ளைக்கு உச்சரிப்பு சரியில்ல, நாலு இடத்துல தப்பா ஓதுனாங்க, அதுல சேர்த்தா இவளுக்கு இருக்கிறதும் போயிடும் என்றேன். ஓதிக் காட்டவே இல்லாத ஒருத்தியின் ஓதலில் நாலு தவறு கண்டுபிடித்துவிட்டேன். ஜுனைதா நம்பினாள். நல்லவேளை நீங்க பக்கத்துல இருந்தீங்க, எனக்கு என்ன தெரியும் என்றாள். போகிறவள் நின்று, அப்ப பெரியவங்களுக்குன்னு போட்டிருந்தாங்களே, அதும் சரியா இருக்காதுல்ல என்று கேட்டாள். இருக்காது என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஊதுபத்தி எடுக்கப் போனாள். நான் முதல் வகுப்பின் பக்கத்தைத் திறந்தேன், நாற்பது பிள்ளைகள், நட்சத்திரம், சான்றிதழ். ஸஹ்லா பக்கத்திலேயே நின்று நான் பேரை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மைக்கை மூடித்தானே வைப்பார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் தெளிந்தது. ஒன்பது வயது முகம் அப்படித் தெளிவதைப் பார்த்தேன், ஆனாலும் அடித்துக்கொண்டிருந்த எழுத்தை நான் நிறுத்தவில்லை. அவள் என் காதுக்குக் கிட்டே வந்தாள். "நெட் இருந்துச்சுன்னு நான் அம்மாட்ட சொல்லல அத்தா." எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் பிறகுதான் வந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது கூடத்தில் துணி விரித்து எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். சோறு, கறி, வாழைப்பழம், ஒரு சொம்புத் தண்ணீர், சாம்பிராணி. அத்தாவுக்குப் பிடித்த சேமியாப் பாயசமும் செய்திருந்தாள், அவர் இறந்து எட்டு வருஷம் ஆனாலும் சர்க்கரை குறைத்தே செய்கிறாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாசீன் கிதாபை இரண்டு கையாலும் கொடுத்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஸஹ்லா என் பக்கத்தில், தோளோடு ஒட்டி. முதல் ஒன்றரைப் பக்கத்தைச் சத்தமாகவே ஓதினேன். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன், எப்போதும் தாழ்த்துகிற இடம்தான், பக்திக்காகத் தாழ்த்துகிறேன் என்று ஜுனைதா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று தமிழில் மனசுக்குள் சொன்னேன். வாய் குல்ஹுவல்லாஹு என்கிற சின்ன சூராவையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை என்பார்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் எழுத்தைத் தொட்டிருக்கிறேன், வெறுமே தொட்டிருக்கிறேன். அந்த மஞ்சள் வட்டத்தின் எழுத்து இந்தப் பக்கத்திலும் எங்கேயாவது இருக்கும், ஒரு புள்ளியா இரண்டா, அதையே தேடிக்கொண்டிருந்ததில் விரல் கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. கணக்கு தவறிவிட்டது. எதிரே ஜுனைதாவின் இமை அசைந்தது. ஸஹ்லா ஒரு தடவை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு சத்தம் வராமல் கையை நீட்டி, எனக்காகப் பக்கத்தைத் திருப்பினாள்.